மிச்சமிருந்த மாத்திரை அட்டைகள்: ஐந்து மாதம் கண்ணில் படாத மனச்சோர்வும் பதற்றமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

மேற்குத் தமிழ்நாட்டின் விசைத்தறிப் பகுதி ஒன்றில், ஆரம்ப சுகாதார நிலைய அளவில் கையாளப்பட்ட நிகழ்வு இது. அடையாளம் வெளிப்படாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. கிராமச் சுகாதாரப் பணியாளர்கள், செவிலியர்கள், பொது மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது.

பின்னணி

ஐம்பதை நெருங்கும் ஆண். வாடகைக் கொட்டகையில் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். மனைவி அதே கொட்டகையில் தார் (ஊடை நூல்) சுற்றுகிறார். மகளுக்குத் திருமணமாகிவிட்டது, மகன் கல்லூரியில் படிக்கிறார். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை, இரவு, கிளிமிபிரைடு 1 மி.கி. காலை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி முந்தைய நவம்பரில் 7.4. மருந்தை ஒழுங்காகப் போடுபவர் என்றே அவரது அட்டையில் குறிப்பு இருந்தது.

நெய்யக் கொடுக்கும் பாவு நூலின் வரத்து குறைந்ததால் தீபாவளிக்குப் பிறகு நான்கு தறிகளைப் பழைய இரும்பு விலைக்கு உடைத்து விற்றார். மகள் கல்யாணக் கடன், நூல் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், மனைவி பெயரில் குழுக்கடன் என மூன்று இடத்தில் பாக்கி. இதில் எதுவும் மே மாதம் வரை எந்த மருத்துவக் குறிப்பிலும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஜனவரி முதல் மே வரை

ஜனவரியில் தோள்பட்டை, முதுகு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையம் வந்தார். வலி மாத்திரையும் பி காம்ப்ளெக்ஸும் கொடுக்கப்பட்டன. பிப்ரவரியில் வயிறு ஊதல், பசியின்மை, புளித்த ஏப்பம். அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல் எழுதப்பட்டது. குறையாததால் அந்த மாதக் கடைசியில் தனியார் மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி. லேசான இரைப்பை அழற்சி, வேறெதுவும் இல்லை.

மார்ச்சில் ஒரு நாள் இரவு பதினோரு மணிக்குக் கொட்டகையில் தனியாக இருந்தபோது நெஞ்சு இறுகி, வியர்த்து, கை மதமதத்து, ‘உசுரு போயிரும்’ என்று தோன்றியிருக்கிறது. 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனை. ஈசிஜி, மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை இரண்டும் இயல்பு. ‘கேஸ்’ (வாயு) என்று சொல்லி அனுப்பினார்கள். ஏப்ரலில் இன்னும் இரண்டு முறை அதே நிலை. ஒரு முறை தனியார் மருத்துவமனையில் எக்கோ எடுத்து, ‘டென்ஷன்தான்’ என்று பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் 0.5 மி.கி. பத்து நாளைக்கு எழுதித் தந்தார்கள். மறுமுறை மீண்டும் அரசு மருத்துவமனை, மீண்டும் இயல்பான ஈசிஜி. பத்து நாள் மாத்திரையைத் தெரிந்த கடையில் வாங்கித் தொடர்ந்துகொண்டார். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 அட்டவணை மருந்து அது.

மே முதல் வாரம், சர்க்கரைப் பரிசோதனை. எச்பிஏ1சி 9.8. எடை நவம்பரில் 68 கிலோ, இப்போது 62. கிளிமிபிரைடை 2 மி.கி. ஆக்கினார்கள்.

ஏழு முறை, நான்கு இடங்கள். ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் பெரிய தவறு என்று எதையும் சொல்ல முடியாது. சர்க்கரை உள்ள ஐம்பது வயது ஆணுக்கு நெஞ்சு இறுகினால் முதலில் இதயத்தைப் பார்ப்பதே முறை. ஆனால் இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ‘அப்படியானால் இது என்ன’ என்ற அடுத்த கேள்வி மூன்று முறையும் கேட்கப்படவில்லை. எடை குறைந்ததைச் சர்க்கரை மேல் போட்டார்கள், சர்க்கரை ஏறியதை உணவு மேல் போட்டார்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் அந்த மருந்து வயிற்றுக்குள் போகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

முதலில் பார்த்தவர்

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தரும் பெண் தன்னார்வலர்தான் அதைப் பார்த்தார். மே இரண்டாம் வாரம் புது மாத்திரை கொடுக்கப் போனபோது, போன மாதம் தந்த அட்டைகளில் பாதி அலமாரியில் பிரிக்காமல் கிடந்தன.

“என்னங்கண்ணா, அட்டை அப்படியே இருக்குது?”

“போட்டு என்னாகப் போகுதும்மா.”

மறதி என்றால் பதில் வேறு மாதிரி வந்திருக்கும். அந்த வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்து செவிலியரிடம் காட்டினார். சவரம் செய்து பல நாளாகியிருந்தது, ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு இந்த முறை அவர் போகவில்லை, கதவைத் திறந்தவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்று மேலும் மூன்று வரி இருந்தது. நோய்களைப் பற்றி அவருக்குச் சொல்லித்தரப்பட்டது குறைவு. அந்த மனிதர் போன வருடம் எப்படி இருந்தார் என்று தெரிந்திருந்தது, அதுதான் உதவியது.

முதல் கணிப்பு: 7

மறுநாள் மனைவியோடு வரச்சொல்லி, செவிலியர் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளைப் போட்டார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள் அதில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ 0, ‘சில நாட்கள்’ 1, ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’ 2, ‘கிட்டத்தட்ட தினமும்’ 3. மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனமாக ஆராய வேண்டும். 15 முதல் ஓரளவு தீவிரம், 20 முதல் தீவிரம்.

அவருக்கு வந்தது 7. களைப்புக்கு 3, பசிக்கு 2, தூக்கத்துக்கும் கவனத்துக்கும் தலா 1. மற்றதெல்லாம் சுழியம். சாவு, தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு நேரே எண் இல்லை, ஒரு கோடு மட்டும் இருந்தது. ‘லேசானது, ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம்’ என்று எழுதப்பட்டது.

அன்று மாலை தாளைப் பார்த்த மருத்துவ அலுவலருக்கு அந்தக் கோடுதான் உறுத்தியது. தன்னார்வலர் எழுதிவந்த வாக்கியமும் ஏழு என்ற எண்ணும் ஒரே ஆளைப் பற்றியவையாகத் தெரியவில்லை. ஒரு மாதம் காத்திருக்காமல் மூன்றாம் நாளே மீண்டும் அழைக்கத் தீர்மானித்தார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் முக்கியமானது இதுதான்.

இரண்டாம் கணிப்பு: 18

இந்த முறை மனைவியை ரத்த அழுத்தம் பார்க்க வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, 35 நிமிடம் பேசினார்கள். கேள்விகள் அதேதான். கேட்ட விதமும் உடனிருந்த ஆளும் மாறியிருந்தன. எங்கே மாறியது என்பதைக் கேள்விவாரியாகப் பார்ப்பது பயன் தரும்.

‘செய்யும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைவு’ என்ற முதல் கேள்விக்கு முன்பு அவர் சொன்னது: “வேலைக்குப் போயிட்டுத்தானுங்க இருக்கறேன்.” ஆர்வம் என்பதைக் கடமை என்று புரிந்துகொண்டிருக்கிறார். உழைத்துப் பிழைக்கும் ஆண்களிடம் இது அடிக்கடி நடக்கும். இப்போது, “போன வருசம் ஓய்வு கிடைச்சா என்ன செய்வீங்க?” என்று தொடங்கினார்கள். சேவல் வளர்த்தது, சாயந்தரம் டீக்கடையில் நாலு பேரோடு பேசியது, பேத்தியோடு தினமும் போனில் பேசியது எல்லாம் வந்தது. “இப்ப?” என்றதற்குச் சேவலை விற்று மூன்று மாதமாயிற்று என்றார். பேத்தி கூப்பிட்டால் போனை மனைவியிடம் கொடுத்துவிடுகிறார். 3.

‘மனத்தளர்ச்சி, சோர்வு’ என்ற இரண்டாம் கேள்விக்கு முன்பு “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க.” மனத்தளர்ச்சி புத்தகச் சொல். அவர் சொல் ‘யோசனை’. “ஒரே யோசனையா இருக்குதுங்க, நெஞ்சுக்குள்ள கல்லு வெச்சாப்புல.” நம் நோயாளிகளில் பலருக்குக் கவலை, பயம், துக்கம் மூன்றுக்கும் இந்த ஒரே சொல்தான். எந்த யோசனை என்று பிரித்துக் கேட்க வேண்டும்: நடந்துபோனதைப் பற்றியதா, நடக்கப்போவதைப் பற்றியதா. முதலாவது சோர்வின் பக்கமும் இரண்டாவது பதற்றத்தின் பக்கமும் சாயும். இவருக்கு இரண்டுமே. 2.

தூக்கம்: முன்பு மனைவி முந்திக்கொண்டு, “மாத்திரை போட்டா தூங்கிடறாருங்க” என்றிருந்தார். தூங்கப் போகும் நேரத்தை மட்டும் கேட்டால் இப்படித்தான் பதில் வரும். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, மீண்டும் தூக்கம் வருகிறதா, விழித்த அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடும் என்று கேட்க வேண்டும். மூன்று மணிக்கு விழித்துவிடுகிறார், விடியும்வரை கணக்குப் போடுகிறார். காலையில்தான் மனசு மிகவும் கனமாக இருக்கிறது, சாயந்தரம் கொஞ்சம் தேவலை. அதிகாலை விழிப்பும் காலைநேரக் கனமும் மனச்சோர்வின் தெளிவான அடையாளங்கள். 3.

களைப்பு, பசி அப்படியே: 3, 2. ‘தோற்றுப்போனவன் என்ற எண்ணம்’ முன்பு 0, இப்போது 2. தறியை உடைத்த நாளை விவரித்தபோது குரல் தழுதழுத்தது. கவனம் 2: நூல் கணக்கில் இரண்டு முறை தப்புவிட்டு வியாபாரியிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். அசைவில் மந்தமோ நிலைகொள்ளாமையோ இல்லை, 0.

ஒன்பதாம் கேள்வியைச் செவிலியர் முன்பு கேட்கவே இல்லை. மனைவி பக்கத்தில் இருந்தது ஒரு காரணம். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் இன்னொன்று. அப்படி விதைக்கப்படுவதில்லை. நேராகக் கேட்டால் பெரும்பாலோருக்கு ஒரு நிம்மதியே கிடைக்கிறது. படிப்படியாகக் கேட்டார்கள். வாழ்க்கை வெறுத்துப்போகிறதா? செத்தால் தேவலை என்று தோன்றுகிறதா? தானாக ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்ததுண்டா? எப்படி என்று யோசித்ததுண்டா? முன்பு எப்போதாவது முயன்றதுண்டா? முதல் மூன்றுக்கும் ஆம், சில நாட்கள். கடைசி இரண்டுக்கும் இல்லை. “நான் இல்லைன்னா இன்சூரன்ஸ் பணமாவது வருமுங்க” என்றார். தான் பாரம், தான் போனால் வீட்டுக்கு நல்லது என்ற கணக்கு காதில் விழுந்தால் மொத்த எண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 1.

மொத்தம் 18. பதற்றத்துக்கான ஜிஏடி-7 இல், 21க்கு 14. நெஞ்சு இறுகும் அந்த நிகழ்வுகள் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அரைமணியில் வடிந்தவை. அதற்குப் பிறகு தனியாகக் கொட்டகையில் இருக்கவே பயம். பீதித் தாக்கத்தின் வழக்கமான போக்கு அது. எது முந்தியது என்று வரிசைப்படுத்தியபோது சேவலை விற்றது பிப்ரவரி, முதல் தாக்கம் மார்ச். சோர்வு முதலில் வந்து, பதற்றம் அதன்மேல் ஏறியிருக்கிறது. பதற்றம் சத்தம் போடும் நோய், ஆம்புலன்ஸ் வரை கொண்டுபோகும். அதன் அடியில் சோர்வு பேசாமல் கிடந்தது.

விலக்கிப் பார்த்தவை

எண்ணிக்கை மட்டும் நோயைத் தீர்மானிக்காது. தைராய்டு (டிஎஸ்எச் 2.8), ஹீமோகுளோபின் 13.1, சோடியம் எல்லாம் இயல்பு. மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் போடுபவருக்கு பி12 குறையலாம், அதுவும் களைப்பும் மதமதப்பும் தரும். மாவட்ட மருத்துவமனையில் பார்த்ததில் குறைவாகவே இருந்தது, ஊசி தொடங்கப்பட்டது. கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து இதே படபடப்பும் வியர்வையும் வரும். வீட்டில் மீட்டர் கொடுத்து அடுத்த தாக்கத்தின்போது பார்க்கச் சொன்னதில் 212. ஆகவே அது காரணமல்ல. ஆனால் கூட்டிய 2 மி.கி. உடனே பழையபடி 1 ஆக்கப்பட்டது. பாதி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று முழுவதும் போடத் தொடங்கினால் தாழ்சர்க்கரை வரலாம்.

மது: வாரத்தில் மூன்று, நான்கு நாள் ஒரு குவார்ட்டர், தூக்கத்துக்காக. அல்பிரசோலமும் மதுவும் ஒரே இரவில் சேர்வது மூச்சை அடக்கக்கூடியது. இதைக் கடையிலும் யாரும் சொல்லவில்லை, மருத்துவமனையிலும் சொல்லவில்லை. முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் அளவுமீறிய உற்சாகத்தோடு, வரம்பில்லாமல் செலவு செய்து இருந்த காலம் உண்டா என்றும் கேட்கப்பட்டது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்குச் சோர்வு மருந்து மட்டும் கொடுத்தால் அந்த மறுபக்கம் தள்ளிவிடலாம். அப்படி இருந்ததில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. திட்டம் இல்லை, முன்முயற்சி இல்லை, உதவியை மறுக்கவில்லை, வீட்டில் ஆள் உண்டு. ஆகவே வீட்டிலேயே, ஆனால் அன்றே சில ஏற்பாடுகளோடு என்று மாவட்ட மனநலத் திட்ட மனநல மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி முடிவானது. மனைவியிடம் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டு, அவர் எதிரிலேயே சொல்லப்பட்டது. அல்பிரசோலம் அட்டைகள் மனைவி கைக்குப் போயின. வீட்டிலிருந்த பூச்சிமருந்து அகற்றப்பட்டது. இரவு ஷிப்டில் தனியாக இருப்பதை நிறுத்தி, மச்சான் உடன் படுக்க ஒத்துக்கொண்டார். நெருக்கடியில் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு அட்டையில் எழுதி பாக்கெட்டில் வைத்தார்கள்: முதலில் மச்சான், அடுத்து செவிலியர், பிறகு 24 மணி நேர இலவச எண்களான டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் 104.

மருந்து: சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எஸ்சிட்டலோபிராம் 5 மி.கி. காலை உணவுக்குப் பின் ஏழு நாள், பிறகு 10. குறைவாகத் தொடங்கியதற்குக் காரணம் பதற்றம். இவ்வகை மருந்து முதல் வாரத்தில் படபடப்பைக் கொஞ்சம் கூட்டும். அல்பிரசோலத்தை உடனே நிறுத்தவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 0.25, 0.125 என்று இறக்கத் திட்டம்.

மருந்தல்லாததில் பலித்தது இரண்டு. தினமும் காலை ஏழு மணிக்கு, மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டீக்கடை வரை நடப்பது. மனசு வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் சோர்வில் அது வராது, செய்தபின்தான் வரும். இரண்டாவது, சமூகப் பணியாளர் அவரோடு உட்கார்ந்து மூன்று கடனையும் ஒரே தாளில் எழுதியது. மூன்று மணிக்கு இருட்டில் ஓடிய கணக்கு தாளில் வந்தபோது, வியாபாரியின் முன்பணத்தைக் கூலியில் பிடித்துக்கொள்ளப் பேசலாம் என்ற வழி தெரிந்தது. கடன் குறையவில்லை. கெடு தேதி தெரிந்தது.

பின்னர் நடந்தது

ஐந்தாம் நாள் மருந்தை நிறுத்திவிட்டார். குமட்டல், உடம்பெல்லாம் பரபரப்பு. ‘பக்கவிளைவு வரும், ஒரு வாரத்தில் போகும்’ என்று சொல்லியிருந்தோம் என்றாலும், முதல் அழைப்பு பத்தாம் நாளுக்குத்தான் குறிக்கப்பட்டிருந்தது. ஆறு நாள் வீண். பதினொன்றாம் நாள் மீண்டும் தொடக்கம், இந்த முறை மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் போன்.

ஐந்தாம் வாரம் பிஎச்க்யூ 13. முதலில் திரும்பியது தூக்கம், பிறகு பசி. மனசு கடைசியில்தான். உடம்பில் தெம்பு வந்து மனக்கனம் போகாத இந்த இடைக்காலத்தில் ஒன்பதாம் கேள்வியை ஒவ்வொரு முறையும் மறக்காமல் கேட்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் வாரம் 8, ஒன்பதாம் கேள்வி 0. அல்பிரசோலம் நின்றிருந்தது.

மூன்றாம் மாதம் 11 ஆக ஏறியது. கடனா, மதுவா என்று தேடியதில் இரண்டும் இல்லை. “வீட்டுக்காரம்மா கூட இருக்கறதுல ஏதாச்சும் சிரமம் இருக்குதுங்களா?” என்று ஆண் செவிலியர் கேட்ட பிறகே, தாம்பத்தியத்தில் தாமதம் ஏற்படுவதால் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுவந்தது வெளியானது. இந்த மருந்தின் மிகச் சாதாரணமான விளைவு அது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் மூன்று வாரம் மறைத்திருக்க மாட்டார். மருந்தை மாற்றும் வாய்ப்பும் சொல்லப்பட்டது. எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடிய மாற்று மருந்தை அவர் விரும்பவில்லை, 10 மி.கி.க்கே திரும்பினார்.

ஐந்தாம் மாதம் பிஎச்க்யூ 4, ஜிஏடி 5. ஆறாம் மாதம் எச்பிஏ1சி 7.9, எடை 65. இடையில் ஒரு தாக்கம் வந்தது. கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சை மெதுவாக வெளியே விட்டு இருபது நிமிடத்தில் கடந்தார், 108ஐ அழைக்கவில்லை. நான்கு தறி நான்காகவே இருக்கிறது. முழுவதும் தேறிய நாளிலிருந்து குறைந்தது ஒன்பது மாதம் மருந்து தொடரவும், பிறகு படிப்படியாகக் குறைக்கவும் திட்டம்.

மாற்றிக்கொண்டவை

இயல்பான ஈசிஜியோடு இரண்டாம் முறை திரும்பும் எவருக்கும் தூக்கம், ஆர்வம், யோசனை மூன்றையும் கேட்பது என்று அரசு மருத்துவமனையோடு பேசி முடிவானது. எச்பிஏ1சி ஏறியிருந்தால் அளவைக் கூட்டும் முன் மிச்ச அட்டைகளை எண்ணுவது தன்னார்வலர்களின் வேலையில் சேர்ந்தது. புதிதாக மருந்து தொடங்கியவருக்கு மூன்றாம் நாள் போன் போகிறது. தாம்பத்தியச் சிக்கல் பற்றி மருந்து தரும் அன்றே ஒரு வரி சொல்லப்படுகிறது.

மனநலப் பதிவேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘கேட்டபோது உடன் யார் இருந்தார்’ என்று ஒரு கட்டம் கூட்டப்பட்டது. ஒன்பதாம் கேள்வியில் கோடு போட்ட தாள் முழுமையற்றதாகத் திருப்பப்படுகிறது. தனி அறை என்று ஒன்று நிலையத்தில் இல்லை. தடுப்பூசி நடக்காத நாட்களில் அந்த அறையைப் பயன்படுத்துகிறார்கள். தடுப்பூசி நாளான புதன்கிழமை வருபவர்களுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. அன்றைய தாள்களில் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ‘மனைவி’, ‘அம்மா’ என்றே எழுதியிருக்கிறது.